கடைசியாய் வாறவளின்ரை கட்டைவிரல்

குகைக்குள்ளை சுழியோடுற தொழிலிலை, உள்ளுக்குப் போறது வாடிக்கையாளரின்ரை ஆசை. வெளியிலை கொண்டுவாறது எங்கடை தலைவிதி.

உங்களிலை ஆரும் இந்தத் தொழிலிலை இருக்கமாட்டியள். பரவாயில்லை. ஆற்றையோ வீட்டிலை, சிஞ்ஞோரா எண்டுற வீட்டுக்கார அம்மா நடந்த இடமெல்லாம் பின்னாலை துடைச்சுக்கொண்டு போயிருப்பியள். இல்லாட்டி ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவியிருப்பியள். ஆருக்கோ பின்னாலை போய், அவை விட்டதைப் பொறுக்கிற வேலை எண்டால் தண்ணிக்கு மேலையும் ஒண்டுதான், கீழையும் ஒண்டுதான். அதாலை நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கும்.

என்ரை பேர் சுகந்தி. இஞ்சை இத்தாலியிலை, பலெர்மோ வெள்ளையளுக்கு அது வாயிலை வராது, அதாலை சுசி. லிபெர்த்தா எண்டுற பணக்காரத் தெருவிலை ஒரு பெரிய வீட்டிலை கனகாலம் வேலை செய்தன். அந்த வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை மகன் தோத்தோ, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சுழியோடுற பள்ளிக்கூடம் திறந்தார். ரப்பர் உடுப்புகளைக் கழுவிக் காயப்போட ஆள் வேணுமெண்டு என்னைக் கேட்டார். போனன், கழுவினன். உடுப்பெல்லாம் தண்ணிக்குள்ளை போய் ஊர் பாத்திட்டு வருது, நான் மட்டும் தொட்டியடியிலை நிக்கிறன் எண்டு ஒருநாள் சரியான எரிச்சல் வந்துது. நீந்தப் பழகினன். பேந்து சுழியோடப் பழகினன். பேந்து குகைக்குள்ளை போறதுக்கும் படிச்சு அத்தாட்சி அட்டை எடுத்தன்.

மலைப்பக்கம் ஒரு நல்ல தண்ணி ஊற்று இருக்கு, அதுக்குள்ளை குகை. அங்கை ஆக்களைக் கொண்டுபோற நாளிலை முன்னாலை தோத்தோ போவார், நடுவிலை வாடிக்கையாளர், எல்லாருக்கும் கடைசியாய் நான். முன்னாலை போறவற்றை கையிலை ஒரு நூல் உருளை இருக்கும். வாசலிலை நூலைக் கட்டி, போற வழியெல்லாம் கல்லிலை சுத்தி விட்டுக்கொண்டு போவார். இருட்டிலை வழி தவறினால் அந்த நூல்தான் எங்களைத் திருப்பிக் கொண்டுவரும். எனக்கு அந்த உருளையிலை ஆசை. இதிலை ஒளிக்க என்ன கிடக்கு, பொல்லாத ஆசை. போன சனிக்கிழமை அது எனக்குக் கிடைக்கிறதோ இல்லையோ எண்டு தீர்மானிக்கிற நாள். அந்த ஒரு நாளிலை நடந்ததுகளைத்தான் சொல்லுறன்.

பின்னாலை கூப்பிடக் கூடாது

வெளியிலை வெளிக்கிட்டுப் போற ஆளைப் பின்னாலை நிண்டு கூப்பிடக் கூடாது எண்டு எங்கடை சனத்திலை ஒரு பழக்கம். கூப்பிட்டால் போற காரியம் சரிவராதாம். என்ரை மனிசன் நேசன் இதிலை சரியான கண்டிப்பு. நான் படிக்கட்டாலை இறங்கேக்கை செருமக்கூட மாட்டார். இத்தனைக்கும் என்ரை தொழிலே பின்னாலை நிண்டு ஆக்களைக் கூப்பிடுறதுதான். அதைச் சொன்னால் அவருக்குப் பிடியாது.

சனிக்கிழமை விடிய, சீசாப் பகுதியிலை இருக்கிற எங்கடை வீட்டு வாசலுக்கு வான் வந்து நிண்டுது. ஏறி இருந்தன். வான் வெளிக்கிட்டு மூலையாலை திரும்பினால், நடு ரோட்டிலை நேசன், சாரத்தோடை, மூச்சு வாங்க, ஒரு கையை நீட்டி மறிச்சுக்கொண்டு நிக்கிறார். பின் ஒழுங்கையாலை ஓடி வந்திருக்கிறார். மற்றக் கையிலை நான் மறந்து விட்டிட்டு வந்த சாப்பாட்டுப் பெட்டி. பஸ்காரன் பின்னாலை ஹோர்ன் அடிக்கிறான், பல்கனியிலை நிண்ட கிழவன் ஒருத்தன் கை தட்டுறான், எனக்கு வெக்கத்திலை முகம் எரியுது.

"ஏனப்பா, மேலை நிண்டு ஒரு குரல் குடுத்தால் என்ன?" எண்டு கேட்டன். அவர் பெட்டியை யன்னலாலை தந்து சொன்னார்: "இண்டைக்கு உருளை கிடைக்கிற நாளெல்லே, நான் பின்னாலை கூப்பிட்டு அது இல்லாமல் போச்சுதெண்டால் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவீர்."

நாலு எலுமிச்சம்பழம்

வான் ஓட்டுறது சூபேன். மொரீசியஸ்காரர். இவற்றை பூட்டன் பேர் சுப்பன், அது அங்கை போய் சூபேன் ஆகிக் குடும்பப் பேராய் நிலைச்சிட்டுது. தமிழ் எண்டால் முருகன் பாட்டு முழுக்கப் பாடமாத் தெரியும், "தண்ணி தா" எண்டு கேக்கத் தெரியாது. அதாலை நாங்கள் ரெண்டு தமிழரும் இத்தாலியனிலைதான் கதைக்கிறது. சிலிண்டருக்குக் காத்து அடிக்கிறது, மேலை காவல் நிக்கிறது எல்லாம் அவர்தான்.

குகைக்குப் போற நாளிலை சூபேன் நாலு ரயருக்கும் கீழை நாலு எலுமிச்சம்பழம் வைச்சு, நசிச்சுக்கொண்டுதான் துறைமுகத்திலை இருந்து வானை எடுப்பார். பல்லரோச் சந்தையிலை தானே தெரிஞ்சு வாங்குவார், ஒரு கீறல் இருக்கக் கூடாது. அண்டைக்கு வந்த வாடிக்கையாளரிலை ஒருத்தர் சட்டத்தரணி. எல்லாரும் பேர் சொல்லாமல் அவ்வொகாத்தோ எண்டுதான் கூப்பிடுவினம், அவருக்கும் அதுதான் விருப்பம். பழத்தைக் கண்டதும் பிடிச்சுக்கொண்டார். "இது சிசிலி! எலுமிச்சம்பழம் எங்களுக்குச் சாப்பாடு, ரோட்டுப் போடுறதுக்கு இல்லை. இந்த மூடநம்பிக்கையெல்லாம் என்ன?" எண்டு ஒரு பிரசங்கம். சூபேன் தன்ரை பாட்டிலை குனிஞ்சு பழத்தை வைச்சுக்கொண்டிருந்தார்.

அவ்வொகாத்தோ வானுக்குள்ளை ஏறமுதல், கழுத்திலை தொங்கின சின்னச் சிவப்புக் கொம்பை ஒருக்காத் தடவினார், பேந்து வான் கதவின்ரை இரும்பையும் தொட்டார்; ரெண்டும் இந்த ஊரிலை கண்ணூறுக்குச் செய்யிறது. நான் பாத்ததை அவர் பாத்திட்டார். ஏறி இருந்தாப் பிறகு யன்னலாலை தலையை நீட்டி, சூபேனிட்டை மெல்லமாச் சொன்னார்: "என்ரை சீற்றுக்குக் கீழை இருக்கிற ரயருக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பழமா வை."

கழுத்தைக் கட்டிப்போடு

மலையடிக்குப் போய்ச் சேர்ந்து, உடுப்பு மாத்தமுதல் கைப் பாசையை ஒருக்காச் செய்து பாப்பம். தண்ணிக்குள்ளை வாய் இல்லை, கைதான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வளையம் எண்டால் எல்லாம் சரி. கட்டைவிரல் மேலை எண்டால் போதும், திரும்புவம். வெளியிலை கட்டைவிரல் எண்டால் பாராட்டு, உள்ளுக்குள்ளை அதுதான் முடிவு. புதுசா வாற ஆக்கள் சந்தோசத்திலை விரலைத் தூக்கிக் காட்டி, சந்தோசம் முடியமுதல் மேலை வந்திடுவினம்.

இதைப் பாக்கேக்கை நான் பழகின காலம் நினைவு வரும். தோத்தோ தண்ணிக்குள்ளை வளையம் காட்டி "சரியோ?" எண்டு கேப்பார். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஓம் எண்டால் தலை தானா ரெண்டு பக்கமும் ஆடும். அவருக்கு அது "இல்லை". உடனை என்ரை தோளைப் பிடிச்சு மேலை இழுத்துக்கொண்டு போவார். "என்ன பிரச்சினை?" எண்டு கேப்பார். "ஒண்டும் இல்லை" எண்டுவன். திரும்பக் கீழை போவம். திரும்பக் கேப்பார், திரும்ப என்ரை தலை ஆடும், திரும்ப மேலை. கிணத்து வாளி மாதிரி ஏத்தி இறக்கினார்.

அவரிலையும் பிழை இருக்கு. சிசிலிக்காரர் "இல்லை" எண்டுறதுக்குத் தலையை ஆட்டாயினம், நாடியை மேலை தூக்கி நாக்காலை ஒரு சத்தம் போடுவினம். தண்ணிக்குள்ளை சத்தம் எங்கை? நாடிதான் தூக்குப்படும். நான் "மேலை என்னமோ இருக்கு" எண்டு நினைச்சு ஒவ்வொரு தரமும் கூரையை அண்ணாந்து பாத்துக்கொண்டு நிப்பன். கடைசியிலை ஒருநாள் மேலை வந்து, வாயிலை இருந்த குழாயைத் துப்பிப்போட்டு மனிசன் கத்தினார்: "சுசி, நாளையிலை இருந்து கழுத்தை வீட்டிலை கட்டிப்போட்டிட்டு, கையை மட்டும் கொண்டு வா!"

ஏன் எண்டு கேளாத சட்டம்

ஊற்றடியிலை ஒரு ஒலிவ் மரம். அதுக்குக் கீழை நிண்டுதான் தோத்தோ சட்டங்களைச் சொல்லுவார். காத்தை மூண்டு பங்காக்கோணும்: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு விதிக்கு. ஆளுக்கு மூண்டு ரோச் லைற். நூலை விட்டுக் கை தூரப் போகக் கூடாது. கடைசிச் சட்டம்தான் பெரிசு. ஆரும், எப்பவும், எந்தக் காரணத்துக்கும் கட்டைவிரலைத் தூக்கலாம். தூக்கினால் எல்லாரும் திரும்போணும். ஏன் எண்டு கேக்கக் கூடாது, அண்டைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

முதல் தரம் இதைக் கேட்டேக்கை எனக்குக் கண் கலங்கினது உண்மை. ஏன் எண்டு கேளாத ஒரு இடம் உலகத்திலை இருக்கு! ஏன் மெலிஞ்சு போனாய், ஏன் இன்னும் வாடகை வீட்டிலை இருக்கிறாய், ஏன் கோயிலுக்கு வரேல்லை, ஏன் மூத்தவளுக்கு ஒண்டும் பாக்கேல்லை எண்டு கேட்டே வளர்ந்த சனமெல்லே நாங்கள். அந்தச் சட்டத்துக்காகவே குகைக்குள்ளை குடியிருக்கலாம் போலை இருந்துது.

ஆனால் சட்டம் எழுத்திலை ஒண்டு, நடப்பிலை ஒண்டு. போன முறையும், அதுக்கு முந்தின முறையும் விரலைத் தூக்கினது நான். ஒண்டும் நடக்கேல்லை. கல் விழேல்லை, காத்து முடியேல்லை, எல்லாரும் பத்திரமா வந்து கோப்பி குடிச்சினம். ஒண்டும் நடவாததுதான் என்ரை குற்றம். ரெண்டு தரமும் அவ்வொகாத்தோ கூட்டத்திலை இருந்தவர், குகைக்குள்ளை அங்காலை இருக்கிற இரண்டாம் மண்டபத்தைப் பாக்க ஏலாமல் போச்சுதெண்டு தோத்தோவிட்டைப் பெரிய முறைப்பாடு. அண்டைக்கும் மரத்தடியிலை, "சிஞ்ஞோரா சுசியின்ரை விரல் இண்டைக்குச் சுகமா இருக்கோ?" எண்டு எல்லாருக்கும் கேக்கக் கேட்டார். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு சிரிச்சன்.

தோத்தோ என்னைக் கொஞ்சம் அங்காலை கூட்டிக்கொண்டு போனார். அங்காலை எண்டால் பேருக்குத்தான், அவர் கதைச்சது மரத்துக்கே கேட்டிருக்கும். "இண்டைக்கு நாள் நல்லபடி முடிஞ்சால் அடுத்த சனி உருளை உன்ரை கையிலை, சொன்னது சொன்னதுதான். மூண்டாம் தரமும் தூக்கினாயெண்டால் உருளையை மற. சட்டம் சட்டம்தான், சுசி, ஆனால் இண்டைக்கு விரலைப் பொத்திக்கொண்டு வா."

முப்பது வருசத்துப் பேச்சு

காலமை முதல் மண்டபம் மட்டும்தான். அது வாசலுக்குக் கிட்ட, வெளிச்சம் தெரியிற இடம். ஊற்றுத் தண்ணி குளிரெண்டால் அப்பிடிக் குளிர், பல்லுக்குள்ளாலை போகும். ஆனால் தெளிவு! தண்ணி இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது, ஆக்கள் காத்திலை தொங்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பாத்தால் வாசல் நீலமாத் தெரியும். எத்தினை தரம் பாத்தாலும் எனக்கு அந்த நீலம் அலுக்கேல்லை.

அவ்வொகாத்தோவோடை வந்தது ஒரு புருசன் பெண்சாதி, நீனோவும் சிஞ்ஞோரா ரொசாலியாவும். நீனோ அடியிலை படுற மாதிரிக் காலை அடிச்சுக்கொண்டு போனார். அடியிலை கிடக்கிறது மா மாதிரி மண்டி. ஒருக்காக் கிளப்பினால் அந்தத் தெளிஞ்ச தண்ணி பால்தேத்தண்ணி ஆகிவிடும். சிஞ்ஞோரா அதைக் கண்டிட்டா. அஞ்சு விரலையும் குவிச்சு, "என்ன செய்யிறாய் நீ?" எண்டு கேட்டா. சிசிலிக்காரர் கையாலை கதைக்கிற சனம், தண்ணிக்குள்ளை அவைக்கு ஒரு குறையும் இல்லை. நீனோ திரும்பி ரெண்டு கையையும் விரிச்சு, "நானோ?" எண்டார். இவ விரலை ஆட்டினா. அவர் நெஞ்சிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினார். நாலு கையும் வீசின வீச்சிலை ரெண்டுபேரும் அடியிலை போய் இருந்திட்டினம். மண்டி எழும்பிச்சுது.

நான் ஒரு கையாலை நூலையும், மற்றக் கையாலை சிஞ்ஞோராவின்ரை முழங்கையையும் பிடிச்சன். அவ என்ரை பிடிக்குள்ளை இருந்தும் மற்றக் கையாலை கதைச்சுக்கொண்டுதான் வந்தா. வெளியிலை வந்து கண்ணாடியைக் கழட்டின உடனை மன்னிப்புக் கேப்பா எண்டு பாத்தன். அவ முகமெல்லாம் சந்தோசம். "நான் இனி வரேல்லை, எனக்கு இது காணும்," எண்டு கரையிலை இருந்தா. "முப்பது வருசத்திலை இண்டைக்குத்தான் நான் சொல்லி முடியுமட்டும் இந்த மனிசன் வாயைத் திறக்கேல்லை."

இரண்டாம் மண்டபம்

மத்தியானம் தோத்தோ, நீனோ, அவ்வொகாத்தோ, நான் எண்டு நாலுபேர் இறங்கினம். முதல் மண்டபத்துக்கு அங்காலை ஒரு ஒடுக்கம். அதைத் தாண்டினால் இரண்டாம் மண்டபம், அங்கை வெளிச்சம் துண்டற இல்லை. ரோச்சை நிப்பாட்டினால் கண் திறந்திருக்கோ மூடியிருக்கோ எண்டு தெரியாது. ஆழம் அறியாமல் காலை விடாதே எண்டு சொல்லி வளர்த்தவை எங்களை. நான் ஆழம் அறிஞ்சு முழு உடம்பையும் விட்டுக்கொண்டு போறன்.

ஒடுக்கத்தடியிலை தோத்தோ நூலைக் கல்லிலை சுத்தினார். அவர் ஒரு சுத்திலை முடிக்கிற ஆள். அண்டைக்குக் கழட்டித் திரும்பச் சுத்தினார், திரும்பவும் கழட்டினார். நல்ல கல்லாப் பாக்கிறார் எண்டு நினைச்சன். அதைப் பாத்துத்தான் நான் சந்தேகப்பட்டன் எண்டு இப்ப சொன்னால் எனக்குப் பெருமையா இருக்கும். அது பொய். என்ரை காத்து வடிவா இருந்துது, எல்லாற்றை காத்தும் இருந்துது, மண்டி எழும்பேல்லை, நூல் இறுக்கமா நிண்டுது. ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பயம் வந்துது, அவ்வளவுதான்.

அந்த இடத்திலை நான் உருளையைத்தான் நினைச்சன். தோத்தோவின்ரை கையிலை அது சுத்துறது தூரத்திலை தெரியுது. பொத்திக்கொண்டு வா எண்டவர். நாலு எத்து எத்தினால் இரண்டாம் மண்டபம், ஒரு சுற்றுச் சுத்தினால் திரும்பி வரலாம், அடுத்த சனி நான் முன்னாலை. சும்மா பயமடி, ஒண்டும் இல்லையடி எண்டு எனக்கே சொன்னன். பேந்து யோசிச்சன்: பயம் வந்தவள் பின்னாலை இருந்தால் முன்னாலை போற மூண்டு பேருக்கும் பின்னாலை ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லை. வெறும் பயந்தான் இருக்கு.

பின்னாலை நிண்டு கூப்பிடுறது ரோச்சாலைதான். என்ரை வெளிச்சத்தை முன்னுக்கு இருக்கிறவையின்ரை வெளிச்சத்துக்குக் குறுக்காலை கெதியா ஆட்டினன். மூண்டு பேரும் திரும்பிச்சினம். கையை வெளிச்சத்துக்கு முன்னாலை பிடிச்சு, கட்டைவிரலைத் தூக்கினன். அவ்வொகாத்தோவின்ரை கண் கண்ணாடிக்குள்ளை பெருத்துது. ஆனால் சட்டம் எல்லோ, அவரும் விரலைத் தூக்கினார், நீனோவும் தூக்கினார், தோத்தோவும் தூக்கினார்.

திரும்பேக்கை வரிசையும் திரும்பும். கடைசி ஆள்தான் முன்னாலை. நூலைச் சுத்தி எடுத்துக்கொண்டு தலைவர் கடைசியா வருவார். அப்பிடி அந்தக் கொஞ்ச நேரம் நான்தான் முன்னாலை போனன், வாசல் நீலம் தெரியுமட்டும். கரை ஏறித் திரும்பிப் பாக்க, தோத்தோ நூலை இறுக்கிப் பிடிச்சபடி வந்தார். கையிலை உருளை இல்லை. அவர் ஒருநாளும் உருளையை உள்ளுக்கை விட்டிட்டு வந்த ஆள் இல்லை. கல்லிலை இருந்து கண்ணை மூடிக்கொண்டு, ஆரையும் பாராமல் சொன்னார்: "நூல் கிடக்கட்டும், இண்டைக்குக் காணும்."

காது இருக்கிற சட்டத்தரணி

வான் திரும்பி வெளிக்கிட்டுது. சூபேன் முருகனைப் பாடிக்கொண்டு ஓட்டினார். நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தன். குகைக்குப் போகமுதல் நான் சாப்பிடுறதில்லை. நேசன் குழைச்சு வைச்ச சோறும் மீனும் வயித்துக்குப் போகப் போகத்தான், உருளை போச்சுது எண்டது எனக்கு வடிவா உறைச்சுது. அழுகை வந்துது. உறைப்பெண்டு காட்டிக்கொண்டு மூக்கைத் துடைச்சன்.

அவ்வொகாத்தோ எனக்குப் பக்கத்திலை. ஏன் எண்டு கேக்கக் கூடாது எண்ட சட்டம் அவற்றை தொண்டைக்குள்ளை மீன் முள்ளு மாதிரி நிண்டுது. அந்தத் தண்ணி ஏதும் வித்தியாசமா இருந்துதோ எண்டு கேட்டார். என்ரை ரோச் எந்தக் கடையிலை வாங்கினது எண்டு கேட்டார். எனக்கு நித்திரை வடிவா வாறதோ, ரத்த அழுத்தம் இருக்கோ, பிள்ளையள் சுகமோ எண்டெல்லாம் கேட்டார். எல்லாத்துக்கும் மரியாதையாப் பதில் சொன்னன், ஏன் எண்டதை மட்டும் அவர் கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பலெர்மோ கிட்டேக்கை மனிசன் களைச்சுப் போனார். பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நான் ஏன் எண்டு கேக்கேல்லை, கேக்கவும் மாட்டன்; ஆனால் நீயாச் சொல்ல விரும்பினால், எனக்கு ரெண்டு காது இருக்கு, ரெண்டும் நல்லாக் கேக்கும்."

தொட்டியடி

நல்ல தண்ணியிலை போய் வந்த உடுப்பைக் கழுவத் தேவையில்லை எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம். குளிர் தண்ணிக்குள்ளை பெரிய மனிசர் உடுப்போடை என்ன செய்வினம் எண்டு கழுவுறவளைக் கேட்டால் தெரியும். பின்னேரம் துறைமுகத்துக்கு வந்து, வாடிக்கையாளர் போனாப் பிறகு, சவர்க்காரத் தண்ணியைத் தொட்டியிலை நிரப்பிக்கொண்டு குந்தினன். அவ்வொகாத்தோவின்ரை உடுப்பைக் கொஞ்சம் பலமாத்தான் தேய்ச்சன்.

தோத்தோ வந்து தொட்டி விளிம்பிலை இருந்தார். ஒரு காதைக் கையாலை பொத்தியிருந்தார். எனக்குச் சட்டம் தெரியும், ஒண்டும் கேக்கேல்லை. அவராத்தான் தொடங்கினார். முதல் நாளே தடிமனாம், மூக்கடைப்பாம். அதோடை இறங்கக் கூடாது, அவர்தான் எங்களுக்குப் படிப்பிச்சவர். காலமை சமாளிச்சிட்டார். ஒடுக்கத்தடியிலை காது குத்தி, தலை சுத்தத் தொடங்கியிருக்கு. எது மேல், எது கீழ் எண்டு தெரியேல்லையாம். கல் ரெண்டாத் தெரிஞ்சுதாம். கையிலை இருந்த உருளை எப்ப நழுவினது எண்டே தெரியாதாம். திரும்பி வரேக்கை நூலைப் பிடிச்சதுதான் நினைவாம்.

"அப்ப ஏன் நீங்கள் விரலைத் தூக்கேல்லை?" எண்டு கேட்டன். ஓம், கேட்டன். சட்டத்தை உடைச்சன்.

அவர் சவர்க்கார நுரையைப் பாத்துக்கொண்டு சொன்னார். "முன்னாலை போறவன் தூக்கினால் பிறகு ஒருத்தரும் அவனுக்குப் பின்னாலை வராயினம். நீ தூக்குவாய் எண்டு தெரியும். உன்னை ஏன் கடைசியிலை வைச்சிருக்கிறன் எண்டு நினைக்கிறாய்? இந்த ஊரிலை வெக்கப்படாமல் விரலைத் தூக்கிறது நீ ஒருத்திதான். மரத்தடியிலை பேசினதெல்லாம் அவ்வொகாத்தோவுக்குக் கேக்கட்டும் எண்டு பேசினது. உருளையை உன்ரை கையிலை தந்தால் எனக்குப் பின்னாலை ஆர் நிக்கிறது?"

எனக்கு வந்த கோவம் இருக்கே! என்ரை பயத்தை நம்பி இந்த மனிசன் தடிமனோடை இறங்கியிருக்கிறார். என்ரை விரலாலை தன்ரை மானத்தையும் காப்பாத்தி, அந்த விரலுக்காகவே என்னைக் கடைசியிலையும் வைச்சிருக்கிறார். தேய்க்கிற தும்புக்கட்டையைத் தொட்டிக்குள்ளை எறிஞ்சன், நுரை அவற்றை முகத்திலை தெறிச்சுது. "வெக்கமா இருக்கெண்டால் நீங்கள் கடைசியா வாங்கோ," எண்டன். "கடைசி ஆள் தூக்கினால் வெக்கம் இல்லைத்தானே? உங்கடை அம்மாவின்ரை வீட்டிலை நான் உங்களுக்குப் பின்னாலை எத்தினை வருசம் சப்பாத்துப் பொறுக்கினன். இப்ப நீங்கள் எனக்குப் பின்னாலை வாங்கோ. பயம் வந்தால் நீங்களே தூக்குங்கோ. நான் முன்னாலை நிண்டு திரும்புவன், ஏன் எண்டு கேக்கமாட்டன்."

சொல்லிப்போட்டுத்தான் பயந்தன், வேலையும் போச்சுதெண்டு. தோத்தோ முகத்து நுரையைத் துடைச்சார். பேந்து தலையை ரெண்டு பக்கமும் ஆட்டினார், எங்கடை ஆக்கள் ஓம் எண்டுறது மாதிரி. என்னட்டை இருந்துதான் பழகியிருக்க வேணும். "காது சுகமானதும் போவம். உருளை ஒடுக்கத்தடியிலைதான் கிடக்கு, நீ முன்னாலை போய் எடு, நான் கடைசியா வாறன்," எண்டு சொல்லிப்போட்டு எழும்பினார். நாலு அடி நடந்தார். பேந்து ஏதோ பெரிய சிக்கல் ஒண்டைக் கண்டுபிடிச்ச ஆள் மாதிரி நிண்டு, திரும்பி, தொட்டியைப் பாத்தார்.

"எல்லாம் சரி, சுசி, அப்ப உடுப்பை ஆர் கழுவிறது?"

முன்னாலை போறதும் நான்தான், திரும்பி வந்து கடைசியாக் கழுவுறதும் நான்தான். பதவி உயர்வு எண்டு இந்த ஊரிலை இதைத்தான் சொல்லுகினம்.